நீலத் தார்ப்பாய்க்குக் காவல்

ஸ்டோர் கீப்பர் ஜெபம் பண்ண எழுந்தால் சபையில் பாதிப் பேர் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். கைக்குழந்தைக்காரிகள் பிள்ளைக்குப் பால் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, தூங்கவும் போட்டுவிடலாம். அவர் அப்போதுதான் வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்காக வேண்டத் தொடங்கியிருப்பார். உலகம் உண்டான நாளில் ஆரம்பித்து அரசாங்கம், அதிகாரிகள், ஆஸ்பத்திரி, அடுத்த வீட்டுக்காரரின் மூட்டுவலி என்று ஒன்றையும் விடமாட்டார். அவர் முடிக்கும்போது சபை சொல்லும் ஆமெனில் ஓர் அப்பாடா கேட்கும். அதையும் அவர் பக்தி என்றே எடுத்துக்கொள்வார். நல்ல மனிதர்தான், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனால் தன் குரல் தனக்கே பிடித்துப்போன ஆள், அதுதான் வினை.

வேலையில் அவர் வேறு ஆள். ஆஸ்பத்திரி ஸ்டோரில் இருபத்தாறு வருஷம். சீட்டு இல்லாமல் ஒரு பஞ்சுச் சுருள் வெளியே போகாது. ஒருமுறை பெரிய டாக்டரே அவசரத்துக்கு ஒரு கையுறைப் பெட்டியை எடுத்துக்கொண்டு நடக்க, பின்னாலேயே ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை போய்க் கையெழுத்து வாங்கி வந்தவர். ஆஸ்பத்திரியில் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

கடல் தாண்டி ஒரு நாட்டில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஒரு நகரத்தில் பாதியை முழுங்கிவிட்டது என்று செய்தி வந்தது. சபையிலிருந்து எட்டுப் பேர் உதவிக்குப் போவதாக முடிவானது. முதல் பெயர் ஸ்டோர் கீப்பருடையது.

"உங்க இடுப்பு சகதி அள்ளுற வேலைக்குத் தாங்குமா?" என்று கேட்டாள் மனைவி.

"ஆண்டவர் பாத்துப்பார்."

"அவர் பாத்துப்பார். குனியப்போறது நீங்கதானே?"

போகிற ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரையும் மேடையில் நிறுத்தித் தலையில் கைவைத்து ஜெபித்தார் போதகர். "திரும்பி வந்து சாட்சி சொல்லணும்" என்றார். ஸ்டோர் கீப்பருக்கு அங்கேயே மனசுக்குள் சாட்சியின் முதல் வரி ஓட ஆரம்பித்துவிட்டது. இன்னும் பெட்டிகூடக் கட்டவில்லை, மனுஷன்!

போய் இறங்கியது ஒரு பள்ளிக்கூடத்தில். பெஞ்சுகளை ஓரமாக அடுக்கிவிட்டு வகுப்பறைத் தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள். குழுவுக்குத் தலைமை ஓய்வுபெற்ற ஒரு ஹெட் நர்ஸ். முப்பது வருஷம் வார்டை ஆட்டிப்படைத்த அம்மா. எல்லோருக்கும் அவர் அக்கா. மொழிக்கு ஒரு டிரைவர் கிடைத்தான். நம்ம ஆள்தான், அந்த ஊரில் பல வருஷமாக வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன். அவர்கள் பேசுவதை நமக்கும், நாம் பேசுவதை அவர்களுக்கும் சொல்வான். இடையில் தன் கருத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வான்.

வேலை என்னவென்றால், வெள்ளம் வடிந்த வீடுகளைக் காலி செய்வது. வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் போயிருக்கிறீர்களா? அந்த நாற்றம் மூக்கில் இருக்காது, தொண்டையில் இருக்கும். முழங்கால் உயரத்துக்குச் சகதி. தண்ணீர் குடித்த மெத்தையை நாலு பேர் தூக்கினாலும் அசையாது. அலமாரிக் கதவு ஊதிப்போய்த் திறக்காது. சட்டியால் அள்ளி, வாளியில் கொட்டி, கையிலிருந்து கைக்கு மாற்றித் தெருவில் போடவேண்டும்.

இதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். தெருவில் கொட்டுவதெல்லாம் குப்பை. வீட்டுக்காரர்கள் 'இது வேண்டும்' என்று காட்டுவதை வாசலோரம் நீலத் தார்ப்பாயில் வைக்கவேண்டும். அந்தத் தார்ப்பாய்க்கு ஓர் ஆள் காவல். குப்பை லாரி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தால், லோடுமேன் தார்ப்பாயைப் பார்ப்பான். பக்கத்தில் ஆள் நின்றால் தொடமாட்டான். ஆள் இல்லையென்றால் இரண்டு தடவை சத்தம் போட்டுக் கூப்பிடுவான். அப்போதும் யாரும் வரவில்லையென்றால் அதுவும் குப்பை, அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விடுவான். தெருவெல்லாம் மனிதர்கள் விட்டுவிட்டுப் போன சாமான். வேறு எப்படித்தான் வேலை நடக்கும்? அதேசமயம், காவல் இருக்கும்போது தார்ப்பாயில் கைவைத்த லோடுமேனுக்கு அன்றோடு வேலை போச்சு. ஆரம்பத்தில் திருட்டு நடந்ததால் இந்தக் கண்டிப்பு.

இரண்டாம் நாளே ஸ்டோர் கீப்பரின் இடுப்பு பிடித்துக்கொண்டது. மனைவி சொன்னது சரியாகப் போனதே, அவருக்கு இடுப்பைவிட அதுதான் அதிகமாக வலித்தது. "நீ காவலுக்கு நில்லு தம்பி, உனக்குப் பழக்கமான வேலைதானே" என்றார் அக்கா. அன்றிலிருந்து ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து தார்ப்பாய்க்குக் காவல். மற்ற ஏழு பேரும் சகதியில் புரண்டு எழுந்து வரும்போது இவர் சட்டை மட்டும் வெள்ளையாக இருக்கும். அதைப் பார்க்க அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. சாயங்காலம் சாப்பிட்டபின் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அன்றைக்கு யாரோடு ஜெபித்தோம் என்று சொல்லவேண்டும். பேங்கில் வேலை செய்யும் பெண் ஒருத்தி இருந்தாள், அவள் நாலு பேர் என்பாள். வாயே திறக்காத கொத்தனார், அவரும் தலையைச் சொறிந்துகொண்டு "ரெண்டு பேரு" என்பார். ஸ்டோர் கீப்பர் முட்டை. ஆறு நாளும் முட்டை. தார்ப்பாய்க்குப் பக்கத்தில் யார் வந்து நிற்பார்கள், ஜெபிக்க? ஊரிலேயே ஜெபத்துக்குப் பேர்போன ஆள், கொத்தனாருக்கு முன்னால் முட்டையோடு உட்கார்ந்திருந்தார். "பரவாயில்ல அங்கிள், காவலும் ஊழியந்தான்" என்று பேங்க்காரப் பொண்ணு ஆறுதல் சொன்னது. இந்தப் பொண்ணு ஆறுதல் சொல்கிற நிலைக்கு வந்துவிட்டோமே என்று அவருக்கு உள்ளுக்குள் எரிந்தது.

ஏழாம் நாள் ஒரு தையல்காரம்மாவின் வீடு. ஐம்பது வயசிருக்கும். தனி ஆள். மாடியில் ஓர் அறை, கீழே தையல் கடை. கடை முழுக்கத் தண்ணீர் ஏறி இறங்கியிருந்தது. துணிக் கட்டுகள் அழுகி, இஸ்திரி மேசை உளுத்து, கண்ணாடி உடைந்து, எல்லாம் தெருவுக்குப் போனது. ஒன்றே ஒன்றை மட்டும் அந்தம்மா யாரையும் தொடவிடவில்லை. தையல் மெஷினின் தலை. மூன்று நாள் படிக்கட்டில் உட்கார்ந்து மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்து, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, அன்று காலையில்தான் சக்கரம் சுற்றியிருக்கிறது. இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிவந்து தார்ப்பாயின் நடுவில் வைத்தாள். பக்கத்தில் பாபின் டப்பாவும் கத்தரிக்கோலும்.

டிரைவரிடம் என்னவோ சொன்னாள்.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குச் சீருடை தைக்கிற ஆர்டர் இருக்காம். துணி அவங்க தருவாங்களாம். இது ஓடினா பொழச்சுக்குவேங்குது" என்றான் டிரைவர். "நல்லாப் பாத்துக்குங்கன்னு உங்ககிட்டச் சொல்லச் சொல்லுது."

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்னு சொல்லு" என்றார் ஸ்டோர் கீப்பர். டிரைவர் சொன்னான். அந்தம்மா சிரித்தாள்.

பதினொரு மணிவாக்கில் டிரைவர் டீ குடிக்கப் போனான். மற்றவர்கள் உள்ளே, பின்பக்க அறையிலும் மாடியிலுமாக. தையல்காரம்மா வீட்டுக்குப் பக்கவாட்டில், சந்துப் படியில் வந்து உட்கார்ந்தாள். தார்ப்பாயிலிருந்து இருபது அடி இருக்கும். கையெல்லாம் எண்ணெயும் சகதியுமாக இருந்ததால் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஸ்டோர் கீப்பர் அதைப் பார்த்தார். பார்த்ததும் மனம் இளகியது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் இளகிய அதே மனம் சாயங்கால வட்டத்தையும் நினைத்தது. தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். லாரியைக் காணோம். இருபது அடிதானே. அஞ்சு நிமிஷந்தானே. எழுந்து போனார்.

சைகையால் கேட்டார். அவளுக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டினாள். அவள் தெருவைப் பார்த்து நிற்க, இவர் தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடினார். ஆறு நாள் அடைத்து வைத்திருந்த ஜெபம், மடை திறந்த மாதிரி வந்தது.

ஆறு, மழை, அந்த நாட்டின் தலைவர்கள், வீடிழந்தவர்கள், விதவைகள் (அந்தம்மா விதவையா என்று யாருக்குத் தெரியும்?) எல்லோரும் வந்தார்கள். தெருவில் ஏதோ இரைச்சல் கேட்டது. யாரோ உரக்கக் கூப்பிட்டார்கள். நல்ல நேரத்தில் தடை வருகிறது, சாத்தான் சும்மா இருப்பானா என்று நினைத்து இவர் குரலை உயர்த்தினார். மறுபடியும் அதே கூப்பாடு. இன்னும் உயர்த்தினார். அந்தம்மாவின் கை இழுத்தது. ஆவியானவர் அசைக்கிறார் என்று இறுக்கிப் பிடித்தார். அவள் என்னவோ சொன்னாள், குரல் நடுங்கியது. பாரம் இறங்குகிறது, அழட்டும் என்று விட்டார். அவளுக்கு ஒரு வார்த்தை புரியாத பாஷையில் அவள் குடும்பத்துக்காக வேண்டிக்கொண்டே போனார், முன்பின் தெரியாத ஒரு ஆம்பளை கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறானே என்று அவள் தவித்திருப்பாள் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம். இரும்பு நசுங்குகிற சத்தம் இல்லை, முறிகிற சத்தம். கண்ணைத் திறந்தார்.

லாரி தார்ப்பாய்க்கு நேரே நின்றது. பின்பக்கம் வாய் வைத்து, உள்ளே போடுவதையெல்லாம் தகடு ஒன்று இறங்கி நசுக்கித் தள்ளுமே, அந்த மாதிரி லாரி. தார்ப்பாய் காலி. அந்தம்மா கையை உதறிக்கொண்டு ஓடினாள். லோடுமேன் அவள் ஓடிவருவதைப் பார்த்து லாரியை நிறுத்தச் சொல்லி, ஏறி, மெத்தைகளுக்கு நடுவே கையை விட்டு மெஷினை இழுத்தான். வந்தது பாதிதான். வார்ப்பிரும்பு, இரண்டாக முறிந்திருந்தது. சக்கரம் தனியாக அவள் காலடியில் வந்து விழுந்தது.

ஸ்டோர் கீப்பரின் கால் தானாக நடந்து தார்ப்பாய்க்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. நான் சொல்வதைக் கவனியுங்கள்: யாரும் வருவதற்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

சத்தம் கேட்டு அக்கா வந்தார், டிரைவர் டீக்கிளாஸோடு ஓடிவந்தான், லாரிகளுக்கெல்லாம் மேஸ்திரியான ஒரு தடித்த ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். எல்லாம் டிரைவர் வழியாகத்தான் நடந்தது.

"யார் காவல்?"

"நான்" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"இங்கேயே நின்னீங்களா?"

ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் கொத்தனார் வந்து நின்றார். ஸ்டோர் கீப்பர் மென்று முழுங்கினார்.

"இங்கதான் நின்னேன்."

"ரெண்டு தடவை கூப்பிட்டேன், யாரும் வரல, இங்க யாருமே இல்லேங்கறான் இந்த ஆளு."

"எனக்குக் கேக்கல."

லோடுமேன் முப்பது வயசுக்காரன், ஒல்லி. கையை நீட்டிச் சந்தைக் காட்டி வேகவேகமாக ஏதோ சொன்னான். மேஸ்திரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடல் தாண்டி உதவ வந்த, வெள்ளைச் சட்டை போட்ட பெரிய மனுஷனை நம்புவானா, குப்பை அள்ளுகிறவனை நம்புவானா? ஆனாலும் ஒப்புக்குத் தையல்காரம்மாவைக் கேட்டான், நீங்கள் பார்த்தீர்களா என்று.

அவள் ஸ்டோர் கீப்பரைப் பார்த்தாள். பிறகு சகதி போய்க் காலியாகக் கிடந்த தன் கடையைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று தலையை ஆட்டினாள்.

லோடுமேனின் கழுத்தில் தொங்கிய வேலை அட்டையை மேஸ்திரி கழற்றி வாங்கிக்கொண்டான். லோடுமேன் சண்டை போடவில்லை. கையுறையைக் கழற்றி லாரி ஓரத்தில் மாட்டிவிட்டு, ஸ்டோர் கீப்பரின் முகத்தை ஒருமுறை நின்று பார்த்துவிட்டு நடந்தே போனான்.

அன்று சாயங்கால வட்டத்தில் ஸ்டோர் கீப்பர் வாயைத் திறக்கவே நினைக்கவில்லை. பேங்க்காரப் பொண்ணு விடுமா? "இன்னைக்கு அங்கிள் கணக்கத் தொறந்துட்டாரு! நான் மாடி ஜன்னல்லேர்ந்து போட்டோகூட எடுத்தேன்" என்று போனை நீட்டியது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றார்கள். கொத்தனார் தோளில் தட்டினார்.

"மெஷின் போச்சே, அதுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டார் அக்கா.

"முன்னாடி" என்றார். இரண்டாவது பொய்க்கு முதல் பொய் அளவுக்குக்கூடச் சிரமம் இல்லை.

போன் கை மாறிக் கை மாறி அவரிடம் வந்தது. படம் நன்றாகத்தான் இருந்தது. அவர் முகம் வானத்தைப் பார்த்து, கண் மூடி. அப்படியொரு பரவசம். தையல்காரம்மாவின் கண் மட்டும் நன்றாகத் திறந்திருந்தது. படத்தின் ஓரத்தில், கையகலத்துக்கு, லாரியின் பின்பக்கம். நீலத் தார்ப்பாயின் மூலை. அங்கே குனிந்திருந்த ஒரு முதுகு.

"சபை குரூப்புல போடவா அங்கிள்?"

"அந்த ஓரத்த வெட்டிடும்மா" என்றார். "குப்ப லாரியெல்லாம் தெரியுது. பாக்க நல்லா இல்ல."

அது ஒன்றும் கேட்கவில்லை. விரலால் இழுத்து வெட்டிவிட்டு அனுப்பியது.

மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது மனைவி போன் பண்ணினாள். படம் சபை முழுக்கச் சுற்றிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை திரையில் பெரிதாகப் போடப்போகிறாராம் போதகர். ஸ்டோர் கீப்பர் உம் கொட்டினார்.

"ஆமா, அந்தம்மா எங்க பாக்குறா?"

"எங்க?"

"அதத்தான் நானும் கேக்குறேன். கண்ணு தொறந்துதானே இருக்கு. உங்களப் பாக்கல, உங்க தோளுக்கு மேல எதையோ பாக்குறா. பயந்து போன மாதிரி இருக்கு. பின்னாடி யாராச்சும் வந்தாங்களா?"

சபையில் இருநூறு பேர் பார்த்த படம். இருநூறு பேரும் இவர் முகத்தைப் பார்த்தார்கள். இவள் ஒருத்தி அந்தம்மாவின் முகத்தைப் பார்த்திருக்கிறாள்.

"என்னங்க, லைன்ல இருக்கீங்களா?"

சொன்னார். குழாயடியில் நின்று, வாயில் பற்பசை நுரையோடு, ஒன்று விடாமல் சொன்னார். ஓரத்தை வெட்டச் சொன்னதையும்.

"அந்த லோடு ஏத்துறவருக்குப் பிள்ளைங்க இருக்கா?" என்றாள் மனைவி.

"தெரியல."

"அதக்கூடக் கேக்கலையா நீங்க?"

திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. "மொதல்ல அங்க சொல்ல வேண்டியவங்ககிட்டச் சொல்லிட்டு வாங்க. இங்க உள்ளவங்களுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

அக்கா வராந்தாவில் உட்கார்ந்து ரப்பர் கையுறைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஸ்டோர் கீப்பர் முன்னால் போய் நின்று சொல்லிமுடிக்கும்வரை அவர் தலையைத் தூக்கவில்லை.

"நாளன்னைக்குக் கிளம்புறோம்" என்றார் அக்கா. "அந்தம்மாவுக்கு வேற மெஷின் ஒண்ணு ஏற்பாடு பண்ணிட்டேன். இப்பப் போயிக் கிளறினா சபை பேரு..." அதற்குமேல் போகாமல் நிறுத்திக்கொண்டார். கையிலிருந்த கையுறையைப் பிழிந்தார். "நான் என்ன பேசுறேன் பாரு. எனக்கு நேத்தே சந்தேகம்தான் தம்பி. அவன் சந்தக் காட்டுனதப் பாத்தேன். இன்னும் கேட்டா நீ உண்மையச் சொல்லிடுவியோன்னு பயந்துதான் அதுக்குமேல கேக்கல. டிரைவரக் கூட்டிட்டுப் போ."

தையல்காரம்மா கடையில் சுவரைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஸ்டோர் கீப்பர் சொன்னதை டிரைவர் மொழிபெயர்க்க ஆரம்பித்தான். பாதியிலேயே அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியாதா, என் கையத்தானே பிடிச்சிருந்தீங்கங்குது" என்றான் டிரைவர்.

"அப்புறம் ஏன் பாக்கலன்னு சொன்னாங்க?"

டிரைவர் கேட்டான். அவள் துணியை வாளியில் போட்டுவிட்டு மெதுவாகப் பேசினாள். டிரைவர் இந்தமுறை தன் கருத்து எதையும் சேர்க்கவில்லை.

"இவ்ளோ தூரத்துலேர்ந்து வந்து என் வீட்டுச் சகதிய அள்ளியிருக்காங்க, அவங்களப் பத்தி அவங்க முன்னாடியே எப்படிச் சொல்றது, வாய் வரலேங்குது. அந்த லோடுமேனு ரெண்டு தெரு தள்ளிதான் இருக்கானாம். இவங்க தச்ச சட்டதான் அவன் பிள்ளைங்க போட்டுருக்கு. மெஷின் போனதுகூடப் போகட்டும், இனிமே அவன் பொண்டாட்டி முகத்துல எப்படி முழிப்பேன், என்னையும் உங்களோட சேத்துப் பொய் சொல்ல வச்சுட்டீங்களேங்குது."

ஸ்டோர் கீப்பருக்கு நின்ற இடத்தில் அப்படியே சகதிக்குள் இறங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. அந்த இடத்தையும் அவர்கள்தான் முந்தின நாள் கழுவித் துடைத்துச் சுத்தம் செய்திருந்தார்கள். மன்னிச்சுடுங்க என்று சொன்னார். வேறு என்ன சொல்வார்? அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேஸ்திரியிடம் எழுதிக் கொடுத்தார். 'நான் தார்ப்பாயை விட்டுப் போயிருந்தேன். காவலுக்கு ஆள் இல்லை. லோடுமேன் முறைப்படிதான் நடந்தான்.' மூன்றே வரி. டிரைவர் கீழே அவர்கள் பாஷையில் எழுத, இவர் கையெழுத்துப் போட்டார். மேஸ்திரி வாசித்துவிட்டு இவரை மேலும் கீழும் பார்த்தான், மேசை இழுப்பறையைத் திறந்து வேலை அட்டையை எடுத்துப் போட்டான். "நாளைலேர்ந்து வரச் சொல்லு" என்றானாம். அவ்வளவுதான். இவ்வளவு சுலபமாக முடிகிற விஷயத்தை ஒரு ராத்திரி முழுக்க ஒரு குடும்பத்தின் தலையில் ஏற்றி வைத்திருந்தோமே என்பது அங்கிருந்து வெளியே வந்தபிறகு அவருக்கு இன்னும் மோசமாக உறைத்தது.

லோடுமேனின் வீடு ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில். முதல் மாடிவரை சுவரில் தண்ணீர் ஏறிய கறை. படி ஏற ஏற ஸ்டோர் கீப்பரின் இடுப்பு வலித்தது, நிற்காமல் ஏறினார். கதவு திறந்திருந்தது. லோடுமேன் தரையில் குந்தி ஒரு தொட்டித் தண்ணீரில் குட்டிக் குட்டி ஷூக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நாலு ஷூ. பிள்ளைகள் இரண்டு என்று ஸ்டோர் கீப்பருக்கு அப்போது தெரிந்தது. உள்ளே ஒரு பெண் பாத்திரம் அடுக்கும் சத்தம் கேட்டது.

யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஸ்டோர் கீப்பர் வேலை அட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். லோடுமேன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தான், பக்கத்தில் தரையில் வைத்தான்.

"நான் அங்க இல்ல. தார்ப்பாய விட்டுப் போயிட்டேன். போயிட்டு, நின்னேன்னு பொய் சொன்னேன். தப்பு என்னோடது" என்றார். டிரைவர் சொன்னான். உலகம் உண்டான நாளிலிருந்து ஆரம்பிக்கிற மனுஷனுக்கு அன்று அவ்வளவுதான் வந்தது.

லோடுமேன் ஒரு ஷூவை எடுத்துத் தேய்த்தான். பிறகு நிமிராமலே ஒன்று கேட்டான்.

"ரெண்டு தடவை கூப்பிட்டேனே, நெசமாவே கேக்கலையாங்கறான்" என்றான் டிரைவர்.

இதை இவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்த மூன்று வரியிலும் இல்லை. கேட்கவில்லை என்று சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த ஜெபத்துக்குள் இருந்தது இவரும் கடவுளும்தான்.

"கேட்டுச்சு" என்றார். "ரெண்டு தடவையும் கேட்டுச்சு. ஜெபத்துக்கு யாரோ தடை பண்றாங்கன்னு நெனச்சு இன்னும் சத்தமா ஜெபிச்சேன்."

டிரைவர் அவரைத் திரும்பிப் பார்த்தான். இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்பதுபோல் தயங்கினான். "சொல்லுப்பா" என்றார். சொன்னான். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

லோடுமேன் ஷூவைத் தண்ணீரில் விட்டுவிட்டு எழுந்து நின்றான். அடிக்கப்போகிறான் என்றுதான் ஸ்டோர் கீப்பர் நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது. அவன் அடிக்கவில்லை. சும்மா நின்றான். அந்த அமைதியைத் தாங்கமுடியாமல் ஸ்டோர் கீப்பரின் கை, இத்தனை வருஷப் பழக்கத்தில், தானாக எழுந்து அவன் தோளில் போய் உட்கார்ந்தது. கண் மூடிக்கொண்டது. "ஆண்டவரே" என்று வாய் ஆரம்பித்தும்விட்டது.

தோளிலிருந்த கையை இன்னொரு கை பிடித்து எடுத்து, முரட்டுத்தனம் இல்லாமல் கீழே விட்டது. லோடுமேன் ஏதோ சொன்னான்.

"என்னப்பா சொல்றாரு?"

"உங்க சாமி மேல அவனுக்கு ஒண்ணும் கோவம் இல்லையாம்" என்றான் டிரைவர். "அவன் முன்னாடி நீங்க கண்ண மட்டும் மூட வேணாமாம்."

ஸ்டோர் கீப்பர் கண்ணைத் திறந்தார். லோடுமேன் நேராக அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். திறந்த கண்ணை எங்கே வைப்பது என்று இவருக்குத்தான் தெரியவில்லை.